வட கரோலினாவின் மைக்கேல் ரீகன்

வெள்ளி விழா மலர்களில் சான்றோர் வரலாறு வரைதல் நெடுநாள் மரபு. தலைவர்கள், கவிஞர்கள், சீர்திருத்தச் செம்மல்கள் ஆகியோரைப் பற்றி இம்மலரிலும் அன்பர் பலர் எழுதியிருப்பர். நாம் எடுத்துக்கொண்டது ஓர் அரசு அலுவலரின் வரலாறு. கோப்புப் படித்து, குறிப்பு எழுதி, கையொப்பமிட்டுப் பணிக்காலத்தைக் கழித்தவர் அவர். நம் சங்கத்தின் துணையால் படித்து முன்னேறிய பிள்ளைகளுள் பெரும்பாலோர் விழைவதும் அடைந்திருப்பதும் அத்தகைய நாற்காலிகளையே. ஆதலின், ஒடுக்கப்பட்ட மக்களுள் ஒருவர் அதிகார நாற்காலியில் அமர்ந்தபின் அவரால் இயன்றது எது, இயலாது போனது எது என்று கூர்ந்து நோக்குதல் நமக்கு மிகவும் வேண்டப்படுவதொன்றாகும்.

அவர் பெயர் மைக்கேல் ரீகன். குடியரசுத் தலைவராக இருந்த ரொனால்ட் ரீகனுக்கும் இவருக்கும் எவ்வுறவும் இல்லை. ஆங்கில எழுத்துக்கூட்டலே வேறு. இவர் வட கரோலினா மாநிலத்துக் கறுப்பினக் குடும்பத்தில் 1976-ஆம் ஆண்டு பிறந்தவர். அம்மக்களுக்கும் நம் மக்களுக்கும் உள்ள உறவு நாமாக இட்டுக்கட்டிய ஒன்றன்று. 1946-இல் அண்ணல் அம்பேத்கர், அமெரிக்கக் கறுப்பினப் பேரறிஞர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ் அவர்களுக்கு மடல் எழுதி, ஐக்கிய நாடுகள் மன்றத்திற்கு அவர்கள் விடுத்த விண்ணப்பத்தின் படியைக் கேட்டார். டு பாய்சும் அன்புடன் விடை எழுதினார். 1959-இல் மார்ட்டின் லூதர் கிங் திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளிக்குச் சென்றபோது, தாழ்த்தப்பட்ட மாணவர் நிறைந்த அவையில் அப்பள்ளித் தலைமையாசிரியர் அவரை அமெரிக்காவிலிருந்து வந்த சக தீண்டப்படாதவர் என்று அறிமுகம் செய்தார். கிங் முதலில் திடுக்கிட்டார். பின்னர் அது முற்றிலும் உண்மையே என்று உணர்ந்ததாக 1965-இல் தம் தேவாலயச் சொற்பொழிவில் அவரே எடுத்துரைத்தார். அச்சொல்லைச் சொன்னவர் ஒரு தலைமையாசிரியர் என்பதில் நமக்குச் சிறிது பெருமை உண்டு.

ரீகனின் வரலாற்றைச் சொல்லுமுன் அவருடைய மாநிலத்தில் அவருடைய குழந்தைப் பருவத்தில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அதனை அறியாதார்க்கு அவருடைய பணியின் பொருள் விளங்காது.

1978-ஆம் ஆண்டுக் கோடையில், மின்மாற்றிகளில் பயன்படுத்திய கழிவெண்ணெயைச் சட்டப்படி அழிக்கப் பணம் செலவாகும் என்று கருதியோர், அதனை வண்டிகளில் ஏற்றி இரவோடிரவாக வட கரோலினாவின் நெடுஞ்சாலை ஓரங்களில் ஒழுகவிட்டுச் சென்றனர். ஏறத்தாழ 31,000 காலன் எண்ணெய், 14 கவுண்டிகளில், 240 மைல் நீளத்திற்கு ஊற்றப்பட்டது. (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றதோர் ஆட்சிப் பிரிவு.) அவ்வெண்ணெயில் இருந்தது பி.சி.பி. எனப்படும் கொடிய நச்சுப்பொருள். நஞ்சேறிய சாலையோர மண்ணைச் சுரண்டி எடுத்து ஓரிடத்தில் புதைக்க மாநில அரசு முடிவு செய்தது. அதற்குத் தேர்ந்த இடம் வாரன் கவுண்டியைச் சேர்ந்த ஆஃப்டன் என்னும் சிற்றூர். அக்கவுண்டி மக்களுள் பெரும்பான்மையோர் கறுப்பினத்தவர், வறியவர், வீட்டுக் கிணற்று நீரையே பருகுவோர். நிலத்தடி நீரோ அங்கு அதிக ஆழத்தில் இல்லை. அறிவியல் காட்டிய இடம் அதுவன்று, எதிர்ப்பு எழாது என்று எண்ணிய இடமே அது என்பது அம்மக்களின் முறையீடு. ஊர்க் குப்பை எந்தத் திசையில் கொட்டப்படுகிறது, சுடுகாடும் தோல் பதனிடும் தொட்டியும் எந்தக் குடியிருப்பை ஒட்டி அமைகின்றன என்பதைப் பிறந்தது முதல் கண்டுவரும் நமக்கு அம்முறையீட்டை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

1982 செப்டம்பரில் நச்சு மண் ஏற்றிய சரக்குந்துகள் ஆஃப்டனை நோக்கி வந்தபோது மக்கள் தேவாலயத்திலிருந்து ஊர்வலமாகப் புறப்பட்டுச் சாலையில் குறுக்கே படுத்தனர். வாரக்கணக்கில் நீடித்த அப்போராட்டத்தில் 500-க்கும் மேற்பட்டோர் தளையிடப்பட்டனர். மூதாட்டிகளும் பள்ளிப் பிள்ளைகளும் அவர்களுள் அடங்குவர். சரக்குந்துகளை அவர்களால் நிறுத்த முடியவில்லை, மண் புதைக்கப்பட்டது. ஆயினும் நாடு திரும்பிப் பார்த்தது. மறு ஆண்டே நடுவணரசின் தணிக்கை அலுவலகம் ஆய்ந்தறிந்து, தென்கிழக்கு மாநிலங்களில் அத்தகைய பெரிய நச்சுக்கழிவுப் புதைகுழிகள் நான்கனுள் மூன்று கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக வாழும் இடங்களிலேயே உள்ளன என்று அறிக்கை வெளியிட்டது. 1987-இல் ஐக்கிய கிறித்து திருச்சபை நாடு முழுமைக்கும் ஆய்வு நடத்தி, நச்சுக்கழிவு நிலையம் எங்கு அமையும் என்பதைக் காட்டுவதில் வருமானத்தைக் காட்டிலும் இனமே முதன்மையான அளவுகோலாக இருப்பதை மெய்ப்பித்தது. சுற்றுச்சூழல் நீதி இயக்கம் என்று இன்று உலகம் வழங்கும் இயக்கத்தின் பிறப்பிடம் ஆஃப்டன் சாலையே என்பர். அம்மண்ணை நஞ்சு நீக்கித் தூய்மை செய்து முடித்தது 2003-ஆம் ஆண்டின் இறுதியில்தான். இரண்டு தலைமுறைக் குழந்தைகள் அதற்குள் அங்கு வளர்ந்துவிட்டனர்.

அச்சாலையில் மக்கள் படுத்தபோது மைக்கேல் ரீகன் ஆறு அகவைச் சிறுவன். அவர் வளர்ந்த ஊர் அதே மாநிலத்தின் கிழக்குப் பகுதியிலுள்ள கோல்ட்ஸ்பரோ. தந்தையார் வியத்நாம் போரில் பணியாற்றியவர். பின்னர் உழவர்க்கு வழிகாட்டும் வேளாண் விரிவாக்கப் பணியில் இருந்தவர். தேசியக் காவற்படையில் கர்னல் பதவி வரை உயர்ந்தவர். தாயார் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் செவிலியராகத் தொண்டு செய்தவர். தந்தையுடனும் பாட்டனாருடனும் மீன் பிடிக்கவும் வேட்டையாடவும் சென்று காடும் ஆறும் அறிந்த பிள்ளை, ஆஸ்துமா என்னும் இழைப்பு நோயால் மூச்சு முட்டி, உறிஞ்சு மருந்துக் குப்பியைச் சட்டைப் பையில் சுமந்து திரிந்தது. அவ்வூரை ஒட்டி, நியூஸ் ஆற்றங்கரையில், நிலக்கரி எரிக்கும் அனல்மின் நிலையம் ஒன்று இருந்தது. தாம் மூச்சுத் திணறியதற்கும் காற்றில் கலந்ததற்கும் தொடர்பு உண்டா என்னும் ஐயமே தம்மை இத்துறைக்கு இழுத்தது என்று ரீகன் பலகாலும் கூறியுள்ளார்.

அவர் பயின்றது கிரீன்ஸ்பரோ நகரிலுள்ள வட கரோலினா வேளாண்மை தொழில்நுட்ப மாநிலப் பல்கலைக்கழகம். இதனைச் சற்று நின்று பார்க்க வேண்டும். வெள்ளையர் கல்லூரியில் கறுப்பின மாணவரைச் சேர்க்க மறுக்கும் மாநிலம், அவர்களுக்கெனத் தனிக் கல்லூரி நிறுவினாலன்றி நடுவணரசின் உதவிப் பணம் பெறாது என்று 1890-இல் ஒரு சட்டம் வந்தது. அச்சட்டத்தின் விளைவாக மறு ஆண்டு, 1891-இல், தோன்றிய கல்லூரி இது. ஒதுக்கி வைப்பதற்காகவே கட்டப்பட்ட கட்டடம் எனினும், அதற்குள் இருந்த ஆசிரியர்கள் அதனை ஒதுக்கிடமாக விட்டுவிடவில்லை. 1960 பிப்ரவரி முதல் நாள் அக்கல்லூரியின் முதலாண்டு மாணவர் நால்வர், வெள்ளையர்க்கு மட்டுமே உணவு பரிமாறிய ஒரு கடை மேடையில் போய் அமர்ந்து காப்பி கேட்டனர், எழ மறுத்தனர். சில வாரங்களில் அவ்வறப்போர் தென் மாநிலங்கள் எங்கும் பரவியது. தேநீர்க் கடையில் தனிக் குவளை கண்டோர்க்கு அந்தக் காப்பியின் விலை தெரியும். ‘சேலஞ்சர்’ விண்கலத்தில் 1986-இல் உயிர் நீத்த விண்வெளி வீரர் ரொனால்ட் மக்நேரும் அக்கல்லூரியின் மாணவரே. அங்கு ரீகன் பெற்றது புவி, சுற்றுச்சூழல் அறிவியலில் இளநிலைப் பட்டம். பின்னர் வாஷிங்டனில் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பொது நிருவாகத்தில் முதுநிலைப் பட்டமும் பெற்றார்.

1998 முதல் பத்தாண்டுகள் நடுவணரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையில், காற்று மாசு, எரிசக்தி ஆகிய பிரிவுகளில் பணியாற்றினார். அதன்பின் ஒரு தன்னார்வச் சுற்றுச்சூழல் அமைப்பின் தென்கிழக்கு வட்டாரப் பொறுப்பில் சில ஆண்டுகள் இருந்தார். இவ்விரண்டும் சேர்ந்து அவருக்குத் தந்தது ஒரு பயிற்சி: விதியை எழுதும் கையும் தெரியும், விதிக்காக வழக்காடும் வாயும் தெரியும்.

2017 சனவரியில் வட கரோலினா ஆளுநர் ராய் கூப்பர், ரீகனை மாநிலச் சுற்றுச்சூழல் தரத் துறையின் செயலராக அமர்த்தினார். அமெரிக்க மாநிலங்களில் செயலர் என்போர் நம் ஊர்ச் செயலாளர் போன்றவரல்லர். ஆளுநரின் அமைச்சரவையில் இடம்பெறுவோர். எனவே அப்பதவி அதிகாரமும் அரசியல் சூடும் ஒருங்கே உடையது. அவர் ஏற்ற துறையோ நலிந்து கிடந்தது. அதற்கு முன் ஆண்ட ஆளுநர், மாநிலத்தின் மிகப் பெரிய மின் நிறுவனமான டியூக் எரிசக்தி நிறுவனத்தில் நெடுங்காலம் ஊழியம் செய்தவர். அனல்மின் நிலையச் சாம்பல் குளங்களை அடுத்து வாழ்ந்தோர்க்குக் கிணற்று நீரைப் பருக வேண்டா என்று 2015-இல் அரசே மடல் அனுப்பியது. அடுத்த ஆண்டே அம்மடலைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. நீர் மாறவில்லை, மடல் மட்டும் மாறியது. எந்த மடலை நம்புவது என்று அறியாத குடும்பங்கள் புட்டி நீரில் சமைத்தும் குழந்தைகளைக் குளிப்பாட்டியும் காலம் தள்ளின.

பதவியேற்ற ஆறு திங்களுக்குள் வேறொரு புயல் வந்தது. 2017 சூன் திங்களில் வில்மிங்டன் நகர நாளேடு ஒன்று, கேப் ஃபியர் ஆற்றில் ஜென்எக்ஸ் என்னும் வேதிப்பொருள் கலந்திருப்பதை வெளியிட்டது. ஒட்டாத சட்டி முதலியவற்றுக்கான பூச்சுப் பொருள் உற்பத்தியில் பயன்படும் இது, எளிதில் சிதையாத பி.எஃப்.ஏ.எஸ். குடும்பத்தைச் சேர்ந்தது. ஆற்றின் மேற்புறத்தில் இருந்த கெமூர்ஸ் நிறுவனத்தின் ஆலையிலிருந்து அது வந்தது. அவ்வாற்று நீரைப் பருகுவோர் இலட்சக் கணக்கினர். துறைக்கு எதிரே நின்ற இடர்ப்பாடு யாதெனின், ஜென்எக்ஸ் இவ்வளவுக்கு மேல் கூடாது என்று கூறும் விதியே அன்று நாட்டில் இல்லை. மீறுவதற்கு விதி இல்லாதபோது மீறல் என்று எங்ஙனம் குற்றம் சாட்டுவது? துறையினர் உரிமப் பத்திரத்தையே கையில் எடுத்தனர். ஆலை தன் விண்ணப்பத்தில் இப்பொருளை வெளியேற்றுவதாக முறைப்படி தெரிவிக்கவில்லை என்பது மாநிலத்தின் வாதம். ஆலையின் புகைபோக்கி வழியே காற்றிலும் அது பரவி, மழையோடு இறங்கிக் கிணறுகளில் சேர்ந்ததும் பின்னர்த் தெரியவந்தது. ஆற்றைக் காக்க அமைந்த மக்கள் அமைப்பு ஒன்றும் வழக்குத் தொடர்ந்தது. முடிவில் 2019 பிப்ரவரியில் மாநிலம், நிறுவனம், மக்கள் அமைப்பு ஆகிய மூன்று தரப்பும் ஒப்ப, நீதிமன்ற இசைவாணை பிறந்தது. 1 கோடியே 20 இலட்சம் டாலர் தண்டம். புகையிலுள்ள நஞ்சை எரித்தழிக்கும் கருவி. கிணறு கெட்டோர்க்கு மாற்றுக் குடிநீர் என்பன அதன் கூறுகள். ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒரு பெருநிறுவனத்தை மேசைக்குக் கொணர்ந்த இந்நிகழ்ச்சியைச் சட்டம் பயிலும் நம் இளைஞர் கருத்திற் கொள்வாராக.

சாம்பல் சிக்கல் இதனினும் பெரிது. நிலக்கரி எரிந்தபின் எஞ்சும் சாம்பலில் ஆர்சனிக் முதலிய நச்சுக்கள் உண்டு. அதனை நீரிற் கரைத்து, அடியில் விரிப்பு ஏதுமிடாத குளங்களில் பல்லாண்டுகளாக நிரப்பி வைத்திருந்தனர். 2014 பிப்ரவரியில் அவற்றுள் ஒன்றன் அடிக்குழாய் உடைந்து, ஏறத்தாழ 39,000 டன் சாம்பல் டான் ஆற்றில் பாய்ந்தது. அதன்பின் சட்டம் வந்தது. எனினும் குளங்களை அப்படியே மூடி மண்ணிட்டால் போதுமா, தோண்டி அகற்ற வேண்டுமா என்பது முடிவாகாதிருந்தது. மூடினால் செலவு குறைவு. அகழ்ந்தால் பன்னூறு கோடி டாலர் செலவு. 2019 சனவரியில் துறையினர் குளங்களுக்கு அருகிலுள்ள ஊர்களுக்கே சென்று கூட்டம் நடத்தி மக்கள் கருத்தைக் கேட்டனர். ஏப்ரல் முதல் நாள், எஞ்சியிருந்த ஆறு நிலையங்களின் ஒன்பது குளங்களையும் அகழ்ந்தே ஆகவேண்டும் என்று ஆணையிட்டனர். நிறுவனம் எதிர்த்தது. 2020 சனவரி 2-இல் அறிவிக்கப்பட்ட உடன்பாட்டின்படி, ஏறத்தாழ 8 கோடி டன் சாம்பலை அகழ்ந்தெடுக்க அது இசைந்தது. அமெரிக்க வரலாற்றில் இதனினும் பெரிய சாம்பல் அகற்றம் நிகழ்ந்ததில்லை. இவ்வுடன்பாட்டிலும் ஊர் மக்கள் அமைப்புகள் ஒரு தரப்பாகக் கையொப்பமிட்டன. இதற்கும் நீதிமன்ற முத்திரை பெறப்பட்டது.

இவ்வளவும் புகழ். குறையைக் கூறாது விடின் வரலாறு ஆகாது. அட்லாண்டிக் கரையோரக் குழாய்த் திட்டம் என்று ஒன்று இருந்தது. மேற்கு வர்ஜீனியாவிலிருந்து வட கரோலினாவின் தென்கோடி வரை ஏறத்தாழ 600 மைல் எரிவளிக் குழாய் பதிப்பது அதன் நோக்கம். மாநிலத்துள் அக்குழாய் சென்ற வழி கறுப்பினத்தவரும் லும்பி முதலிய பழங்குடியினரும் மிகுந்து வாழும் வட்டாரங்கள். ரீகனின் துறை பலமுறை கூடுதல் விளக்கம் கேட்டுக் காலம் நீட்டித்தது. முடிவில் 2018 சனவரியில் நீர்த்தரச் சான்று அளித்துவிட்டது. எதிர்த்து நின்றோர் மனம் வெதும்பினர். பின்னர் 2020 சூலையில் செலவும் வழக்கும் பெருகியதால் நிறுவனங்களே திட்டத்தைக் கைவிட்டன. அதனால் நிலம் தப்பியது. அந்தக் கையொப்பம் தப்பவில்லை. அதே ஆண்டு வேறொரு குழாய்த் திட்டத்திற்கு அத்துறை சான்று மறுத்தது என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

பன்றிப் பண்ணைகளின் கதையும் அத்தகையதே. மாநிலத்தின் கிழக்கில் 90 இலட்சம் அளவிற்குப் பன்றிகள் வளர்க்கப்படுகின்றன. அவற்றின் கழிவைத் திறந்த குட்டைகளில் தேக்கி வயல்களில் பீய்ச்சி அடிப்பர்; காற்று வீசும் பக்கத்து வீடுகளில் துணி உலர்த்தவும் இயலாது. அங்கு வாழ்வோரில் கறுப்பினத்தவர், பழங்குடியினர், இலத்தீன் அமெரிக்க மக்கள் ஆகியோர் விகிதத்திற்கு மீறி மிகுந்திருத்தலை ஆய்வுகள் காட்டின. 2014-இல் மக்கள் அமைப்புகள் தொடுத்த குடியுரிமை முறையீட்டை ரீகனின் துறை 2018 மே திங்களில் உடன்பாட்டால் முடித்தது. காற்றையும் நீரையும் அளந்து பார்க்கவும், உரிமம் வழங்குமுன் அவ்வட்டார மக்கள் யாவர் என்று ஆராயவும் துறை ஒப்பியது. அதே காலத்தில் சுற்றுச்சூழல் நீதிக்கென ஓர் அறிவுரைக் குழுவையும் ரீகன் அமைத்தார். குட்டைகள் மட்டும் இருந்த இடத்தில் இருந்தன. அவற்றை அகற்றும் சட்டத்தை இயற்ற வேண்டியது சட்டமன்றம், அது இயற்றவில்லை.

2020 இறுதியில் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஜோ பைடன், நடுவண் முகமையின் தலைமைக்கு ஆள் தேடினார். அனைவர் வாயிலும் முதலில் அடிபட்ட பெயர் கலிஃபோர்னியாவின் காற்றுவள வாரியத் தலைவர் மேரி நிக்கல்ஸ். காற்றுத் தூய்மைக்கு நெடுங்காலம் உழைத்த திறலாளர் அவர். ஆயினும் மாசு உரிமத்தை விலைக்கு விற்கவும் வாங்கவும் இடந்தரும் அவருடைய திட்டத்தால் ஆலைக்கருகில் வாழும் ஏழைகள் பயனுறவில்லை என்று கலிஃபோர்னியாவின் சுற்றுச்சூழல் நீதி அமைப்புகள் பல எழுத்து மூலம் எதிர்ப்புத் தெரிவித்தன. தேர்வு ரீகன்பால் திரும்பியது. 2021 மார்ச்சு 10-இல் செனட் அவை 66-க்கு 34 என்னும் வாக்குக் கணக்கில் அவரை ஏற்றது. தாம் இளநிலை ஊழியராக நுழைந்த முகமைக்கே அவர் தலைவரானார். அப்பதவி ஏற்ற முதற் கறுப்பின ஆடவர் இவரே. கறுப்பினப் பெண்மணி லிசா ஜாக்சன் 2009-லேயே அப்பதவியில் அமர்ந்திருந்தார்.

அவ்வாண்டு நவம்பரில் தென் மாநிலங்களின் நஞ்சுண்ட ஊர்களுக்கு அவர் பயணம் செய்தார். மிசிசிப்பியின் ஜாக்சன் நகரில் வில்கின்ஸ் தொடக்கப் பள்ளிக்குச் சென்றார். குழாயில் நீரழுத்தம் இன்மையால் அப்பள்ளிப் பிள்ளைகள் கட்டடத்திற்கு வெளியே நிறுத்திய தற்காலிகக் கழிப்பறைகளைப் பயன்படுத்தி வந்தனர். உலகின் பெருஞ்செல்வ நாட்டில் நடந்தது இது. கழிப்பறைக்கு நீர் இல்லாத பள்ளியில் பெண்பிள்ளைகளின் வருகைப் பதிவேடு எவ்வாறு மெலியும் என்பதை எந்தத் தலைமையாசிரியரும் அறிவார். மறு ஆண்டு ஆகஸ்டில் அந்நகரின் நீர் வழங்கலே முற்றும் குலைந்து, ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் மக்கள் தூய நீரின்றித் தவித்தனர். அதன் பின்னரே பெரும்பணம் ஒதுக்கப்பட்டது. 2022 மார்ச்சில் அலபாமாவின் லவுண்டஸ் கவுண்டிக்கும் சென்று, கழிவுநீர்க் குழாய் இன்றி வீட்டு முற்றத்திலேயே மலநீர் தேங்கும் கறுப்பினத்தவர் குடியிருப்புகளை அவர் கண்டார்.

2022 செப்டம்பர் 24-ஆம் நாள் ரீகன் வாரன் கவுண்டிக்கு வந்தார். நாற்பது ஆண்டுகளுக்கு முன் சாலையில் படுத்தோருள் எஞ்சியிருந்த பெரியோர் சிலர் உடனிருக்க, சுற்றுச்சூழல் நீதிக்கும் குடியுரிமைக்கும் என முகமையில் தனி அலுவலகம் ஒன்று அமைவதை அறிவித்தார். இருநூறுக்கும் மேற்பட்ட பணியாளர். வழங்குதற்கு 300 கோடி டாலர் நிதி. எந்த அரசு அம்மக்களைத் தளையிட்டதோ அவ்வரசின் துறையை ஆண்டவரே வந்து அதனை அறிவித்தமையை எண்ணும்போது நம் உள்ளமும் நெகிழ்ந்தது.

ஆயினும் நாற்காலியின் நீளம் ஓர் அளவே. லூயிசியானாவில் மிசிசிப்பி ஆற்றோரம் வேதி ஆலைகள் நெருங்கி நிற்கும் பகுதியைப் புற்றுநோய்ச் சந்து என்றே மக்கள் அழைப்பர். அங்குள்ள கறுப்பினத்தவரின் முறையீட்டின் மேல், 1964-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின்படி முகமை 2022-இல் விசாரணை தொடங்கியது. அக்டோபரில் மாநில அரசின் செயல்கள் குறித்துக் கவலை தெரிவித்து விரிவான மடலும் விடுத்தது. லூயிசியானா அரசு நீதிமன்றம் ஏறியது. 2023 சூன் திங்களில் முகமை விசாரணையையே கைவிட்டது. எதிர்த்து வழக்காடித் தோற்றால், நாடு முழுவதற்கும் அச்சட்டப் பிரிவு பயனற்றுப் போகும் என்று அஞ்சினர் என்பது நோக்கர் கருத்து. அவ்வச்சம் நியாயமே ஆகலாம். முறையீடு செய்த மூதாட்டிக்கு அந்த நியாயத்தை யார் போய் எடுத்துரைப்பது?

2024 ஏப்ரலில் கேப் ஃபியர் ஆற்றங்கரை நகரான ஃபாயட்வில்லில் நின்று, குடிநீரில் பி.எஃப்.ஏ.எஸ். பொருள்களுக்கு நாடு தழுவிய முதல் வரம்புகளை ரீகன் அறிவித்தார். 2017-இல் எந்த விதி இல்லாமல் அவருடைய துறை தடுமாறியதோ, அந்த ஜென்எக்சுக்கும் அதில் வரம்பு இருந்தது. அவ்வாண்டு இறுதியில் பதவியினின்று விலகினார்.

2025-இல் ஆட்சி மாறியது. மார்ச்சுத் திங்களில், வாரன் கவுண்டியில் அறிவிக்கப்பட்ட அலுவலகம் உள்ளிட்ட சுற்றுச்சூழல் நீதிப் பிரிவுகளை மூடுவதாகப் புதிய தலைமை அறிவித்தது. வழங்கிய நிதிக்கொடைகள் பல நீக்கப்பட்டன. மே திங்களில் ஜென்எக்ஸ் உள்ளிட்ட சில பொருள்களின் குடிநீர் வரம்பை விலக்கிக்கொள்ளப் போவதாகவும் அறிவிப்பு வந்தது. ஓர் அலுவலர் ஓர் ஆணையால் தோற்றுவித்ததை அடுத்தவர் ஓர் ஆணையால் துடைத்துவிட முடிந்தது. ஆனால் 2019-லும் 2020-லும் ஊர் மக்களின் அமைப்புகளும் உடன் கையொப்பமிட, நீதிமன்ற முத்திரையுடன் பிறந்த இரண்டு ஆணைகளையும் வாஷிங்டனில் நடந்த மாற்றம் அசைக்கவில்லை. பெலூஸ் கிரீக் முதலிய இடங்களில் சாம்பலை வெட்டியெடுத்து, நீர் கசியா விரிப்பிட்ட குழிகளுக்கு மாற்றும் பணி, நீதிமன்றம் ஏற்ற காலக்கெடுவின்படி 2030-களிலும் தொடர வேண்டியுள்ளது.